பகை இல்லாத ஊரை விட்டு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பியது ஏன்? பரவூர், சேந்தமங்கலம், மாளா யூத சபைகள்

வைகைக்கரை எழுதியது:

வடக்கன் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள யூதப் பள்ளிகளை, அதாவது தொழுகைக்கூடங்களை, அண்மையில் பார்த்து வந்தேன். (நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அல்ல. எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றுப் பக்கம், ஒரு காலத்தில் பாலியத்து அச்சன்மார் இருந்த ஊர்.) இரண்டுமே இன்று அருங்காட்சியகங்கள். நன்றாகப் பழுதுபார்த்திருக்கிறார்கள். பரவூரில் யூதத் தெருவின் முனையில் தொடங்கி, படிப்புரை என்ற வாயில் கட்டடம், தூண் வரிசை கொண்ட நீண்ட நடை, முற்றம், முன்மண்டபம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் தொழுகைக் கூடத்துக்குள் போக முடிகிறது. சேந்தமங்கலத்தில் பள்ளியின் முன்னால் 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரேல் என்பவரின் மகள் சாரா என்ற பெண்ணுடையது அது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் அதுவே மிகப் பழையது என்கிறார்கள்.

கட்டடம் எனக்கு விளங்கியது. அதற்குள் கூடிய சபை விளங்கவில்லை. கொச்சி நாட்டு அரசர்கள் இவர்களை ஆதரித்தார்கள், ஊர்க்காரர்கள் தொல்லை கொடுக்கவில்லை என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அப்படியானால் 1953 முதல் 1955 வரையிலான இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இந்த ஊர்களில் வாழ்ந்த மலபார் யூதர்கள் ஏறத்தாழ முழுவதுமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டது ஏன்? சிலர் போக, சிலர் தங்க என்று நடந்திருக்கலாமே? படித்தவர்கள் எழுதுங்கள்.

பாலக்காட்டுவழி எழுதியது:

நல்ல கேள்வி, வைகைக்கரை. எனக்குத் தெரிந்த விடை ஓர் எண்ணில் இருக்கிறது: பத்து.

யூத மரபில் பொதுத்தொழுகை முழுமையாக நடப்பதற்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். மின்யான் என்பார்கள். ஒன்பது பேர் இருந்தால் யூதத் திருமறையான தோராவின் சுருளைச் சபையில் விரித்து வாசிக்க முடியாது. இறந்தவருக்காக மகன் சொல்ல வேண்டிய கதீஷ் பிரார்த்தனையையும் சொல்ல முடியாது. பெரிய நகரத்தில் இதை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். சிற்றூரில் இதுதான் அன்றாடக் கவலை. யார் சந்தைக்குப் போயிருக்கிறார், யார் காய்ச்சலில் கிடக்கிறார், எந்தப் பையனுக்குப் பதின்மூன்று ஆகப்போகிறது என்பதெல்லாம் சபையின் கணக்கு.

1948 வாக்கில் கொச்சி யூதர்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லும் மக்கள் மொத்தம் சுமார் 2,400 பேர். பள்ளிகள் எட்டு: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளாவில் ஒவ்வொன்று. சிற்றூர் ஒவ்வொன்றிலும் சில நூறு பேர்தான். அதில் பெண்களையும் சிறுவர்களையும் கழியுங்கள். வெளியூருக்கு வேலைக்குப் போனவர்களைக் கழியுங்கள். முடியாத முதியவர்களையும் கழியுங்கள். பிறகு இளங்குடும்பங்கள் கப்பலுக்கோ விமானத்துக்கோ பெயர் கொடுத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எத்தனை பேர்?

எண் மட்டும் அல்ல. கேரளத்தில் பட்டம் பெற்ற ரப்பி (யூத மதகுரு) என்று எவரும் இருந்ததில்லை. ஓதத் தெரிந்தவர் ஓதுவார், மூப்பர்கள் வழக்குத் தீர்ப்பார்கள், குழந்தைகளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுப்பவரே சில ஊர்களில் கோழி அறுப்பவராகவும் இருப்பார். முறைப்படி அறுக்கத் தெரிந்த அந்த ஒருவர் கிளம்பிவிட்டால் ஊரில் யாருக்கும் இறைச்சி கிடையாது. பெண் கொடுத்துப் பெண் எடுத்ததும் இந்தச் சில சபைகளுக்குள்தான். மாளா கிளம்பினால் பரவூர்ப் பையனுக்குப் பெண் கிடைக்கும் இடம் ஒன்று குறைகிறது. ஏலச்சீட்டில் பாதிப்பேர் விலகினால் மீதிப்பேர் சீட்டைத் தொடர முடியாது அல்லவா, அதே நிலைதான். ஆகவே “சிலர் போக, சிலர் தங்க” என்பது அவர்களால் தேர்ந்தெடுக்கக்கூடிய வழியாகவே இருக்கவில்லை.

பழங்காகிதம் எழுதியது:

பாலக்காட்டுவழி சொல்வது எல்லோரும் ஒன்றாகப் போனதை விளக்குகிறது. முதலில் கிளம்பியவர் ஏன் கிளம்பினார் என்பதை விளக்கவில்லை. இரண்டையும் குழப்பக் கூடாது.

தொழுகையில் நாள்தோறும் எருசலேமைச் சொல்லிக் கண்ணீர் விட்ட மக்கள் அவர்கள். அந்த வேட்கை பொய்யல்ல. ஆனால் வறுமையும் பொய்யல்ல. சிற்றூர் யூதர்கள் பலர் கோழி, முட்டை, மீன் விற்றவர்கள், சிறு கடைக்காரர்கள். பின்னாளில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினரான மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர்களில் சிலரிடம் இருந்த நிலமும் வணிகமும் இவர்களிடம் இல்லை.

யாரும் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இஸ்ரேல் இவர்களை உடனே கூப்பிடவில்லை. கொச்சிப் பகுதியில் யானைக்கால் நோய் இருந்ததால், அது புதிய நாட்டில் பரவிவிடும் என்று அங்கிருந்த சுகாதார அதிகாரிகள் அஞ்சினார்கள். பயணம் சில ஆண்டுகள் தள்ளிப்போனது. அதற்குள் வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன. விற்ற பணம் கரைந்தது, தொழிலும் போனது. அந்த நிலையில் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் 1953இல் இஸ்ரேலுக்கே சென்று இவர்களுக்காகப் பேசினார். பிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது. அந்தக் காத்திருப்புக்குப் பிறகு எவரும் ஊரில் தங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்க முடியாது.

வைகைக்கரை எழுதியது:

யானைக்கால் செய்தி எனக்குப் புதிது. நன்றி ஐயா. வீட்டை விற்றுவிட்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்ற அந்த ஆண்டுகளைப் பற்றி அருங்காட்சியகத்தில் ஒரு தனி அறையே வைக்கலாம் என்று தோன்றுகிறது.

தேங்காய்ப்பால் எழுதியது:

எல்லோரும் ஆண்களை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பெண்களைக் கழித்துவிட்டுத் தொடங்கிய கணக்கில் சபையின் பாதி காணாமல் போகிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பள்ளிகளில் மட்டுமே உள்ள ஒரு அமைப்பைப் பாருங்கள். தோரா வாசிக்கும் மேடை உலகெங்கும் ஒன்றுதான் இருக்கும். இங்கே இரண்டு. ஒன்று கூடத்தின் நடுவில், பித்தளைத் தூண்கள் சூழ. மற்றொன்று மாடியில், தோராச் சுருள்கள் வைக்கும் பேழைக்கு நேர் எதிரே. சபாத் என்ற சனிக்கிழமை ஓய்வுநாளிலும் திருநாள்களிலும் தோராவை மாடிக்குக் கொண்டுபோய் வாசிப்பார்கள். பெண்கள் அமரும் பகுதி அந்த மாடி மேடைக்குப் பின்னாலேயே, மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆகவே திருநாளில் தோரா வாசிப்புக்கு மிக அருகில் இருந்தவர்கள் பெண்கள். இந்த அமைப்பு எப்படி வந்தது என்பதைப் பற்றி அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிட, அதனால் என்ன நடந்தது என்பதே முக்கியம். பெண்குழந்தைகளும் எபிரேயம் கற்றார்கள், பிரார்த்தனைகளைக் காதால் கேட்டே பாடம் செய்தார்கள்.

அதோடு பாட்டு. பல நாடுகளின் வைதீக யூத சபைகளில் ஆண்கள் முன்னால் பெண் பாடக் கூடாது என்பார்கள். இங்கே அந்தத் தடை இருந்ததாகத் தெரியவில்லை. கல்யாணத்திலும் திருநாளிலும் பெண்கள் கூடி உரக்கப் பாடினார்கள். பாட்டு மலையாளத்தில், நடுவே எபிரேயச் சொற்கள். விவிலியக் கதைகள், மணமக்கள் வாழ்த்து, ஊர்ப் பள்ளி கட்டிய கதை எல்லாம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து நோட்டுப் புத்தகம் இருந்தது. தாயிடமிருந்து மகள் படி எடுத்துக்கொள்வாள். மணமகளுக்குத் தாலியும் உண்டு.

அடுப்பங்கரைக்கு வருகிறேன். இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பது யூத விதி. குளிர்நாட்டு யூதர்கள் இதற்காகப் படாத பாடு படுவார்கள். கேரளத்தில் தேங்காய்ப் பால் இருந்தது. அது பால் அல்ல, ஆகவே கோழிக் குழம்பில் தாராளமாக ஊற்றலாம். பஸ்கா திருநாள் வந்தால் ஐரோப்பிய யூதர்கள் பலர் அரிசியைத் தொட மாட்டார்கள். இங்கே அரிசி உண்டு. ஆனால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, புடைத்து, தனியாக வைத்த பாத்திரத்தில்தான் சமைக்க வேண்டும். வீடு முழுவதும் வெள்ளையடித்து, கிணற்றைக்கூட இறைத்துத் தூய்மை செய்வார்கள். வாரக்கணக்கில் அந்த வேலையைச் செய்தது யார்?

மின்யானில் பெண்களுக்கு எண் இல்லை. ஆனால் சபை மறுநாள் சபையாக எழுந்திருக்கக் காரணம் அவர்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பாலக்காட்டுவழி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், தங்கையே. நான் சொன்னது விதியின் கணக்கு, நீங்கள் சொல்வது வாழ்க்கை. மலபார் யூதர் மாடித் தோரா வாசிப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தமிழில் நான் வேறெங்கும் படித்ததில்லை.

சிம்ஹாத் தோரா திருநாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் வாசித்து முடித்த தோராவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நாள். கொச்சி யூதர்களுக்கு அதைவிடப் பெரிய திருநாள் இல்லை. சுருள்களை நிலைப்பேழையிலிருந்து எடுத்து, இதற்கென்றே தற்காலிகமாக எழுப்பிய அலங்காரப் பேழையில் எல்லோரும் காணும்படி வைப்பார்கள். கூடம் முழுக்கப் பட்டும் ஜரிகையும் தொங்கும், தேங்காய் எண்ணெய் விளக்குகள் எரியும். சுருள்களை ஏந்திக்கொண்டு பள்ளியைச் சுற்றி வெளிமுற்றத்திலேயே வலம் வருவார்கள். அண்டை வீட்டாரும் பார்க்க வருவார்கள். பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து மனிதருக்கு அந்த முற்றத்தில் எதுவும் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

நெய்தல்மகன் எழுதியது:

மன்னிக்கவும், எல்லாம் இனிமையாகவே போகிறது. நிறப் பாகுபாட்டை யாரும் தொடவில்லையே? கொச்சியில் “வெள்ளை யூதர்”, “கறுப்பு யூதர்” என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதைப் பேசாமல் நல்லிணக்கம் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பழங்காகிதம் எழுதியது:

பேச வேண்டியதுதான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களின் வழியினர்தான் “வெள்ளை யூதர்” எனப்பட்ட பரதேசிகள். 1568இல் மட்டாஞ்சேரியில் தங்களுக்கெனப் பள்ளி கட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் போய்ப் பார்ப்பது அதைத்தான். அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக இங்கே இருந்தவர்கள் “கறுப்பு யூதர்” எனப்பட்ட மலபார் யூதர்கள். பரதேசிகள் அவர்களோடு மண உறவு கொள்ளவில்லை. பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களை அதே பள்ளியில் சமமாக உட்காரவிடவில்லை. முன்மண்டபத்தில், தரையில்தான் இடம். தோரா வாசிக்க அழைக்கவும் மாட்டார்கள். மேலே நான் சொன்ன ஏ. பி. சேலம் (1882–1967) அந்தப் பிரிவில் பிறந்தவர். சட்டம் படித்து, காந்திய வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து, படிப்படியாக அந்தத் தடைகளை உடைத்தார். “யூத காந்தி” என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ஆனால் இந்த இழையின் பொருளான மூன்று ஊர்களும் மலபார் யூதர்களின் ஊர்கள். அங்கே பள்ளி அவர்களுடையதே. பரவூர்ப் பள்ளியை 1616இல் எழுப்பியவர் தாவீது காஸ்டியேல் என்று கல்வெட்டு இருக்கிறது. யூதர்களின் தலைவராக அரசர் அமர்த்தியவருக்கு “முதலியார்” என்று பட்டம். எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்தும் உலகத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனவர்கள் மலபார் யூதர்கள். நீலத் தரை ஓடுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணிக்கு மாளா என்ற பெயர்கூடத் தெரியாது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி.

நெய்தல்மகன் எழுதியது:

நன்றி ஐயா. இது போதும் எனக்கு. சேலம் பற்றித் தனி இழை தொடங்குங்கள்.

பாலைநிலவாசி எழுதியது:

நான் பீர்ஷெபாவில் ஆய்வு மாணவன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கிருந்து சிறிது தூரத்தில்தான் நெவாத்திம் என்ற கொச்சி யூதர் குடியிருப்பு. மெசிலாத் சீயோன், தாவோஸ், அவியேசர், வடக்கே எல்லையோரம் கிஃபர் யுவால் ஆகியவையும் இவர்கள் குடியேறிய ஊர்களே. கூட்டுறவு வேளாண் குடியிருப்புகள் எல்லாம். ஆற்றங்கரையில் கோழியும் முட்டையும் விற்றவர்களை நெகேவ் பாலைவனத்தில் இறக்கிவிட்டு உழச் சொன்னார்கள். முதல் ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாகு பெசலேல் என்பவர் நெவாத்திமில் பசுங்குடில் அமைத்து மலர் வளர்ப்பில் பெயர் பெற்றார். அங்கே விளைந்த பூக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. இந்திய அரசு 2006இல் அவருக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கான பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது.

நெவாத்திமில் கொச்சி முறையில் கட்டிய தொழுகைக்கூடமும் பாரம்பரிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. தேங்காய்ப்பால் சொன்ன பாட்டு நோட்டுகளும் வீணாகவில்லை. அவற்றை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்தார்கள், இங்குள்ள மூதாட்டிகள் கூடி மறுபடி பாடி ஒலிப்பதிவு செய்தார்கள். எனவே “சபை அழிந்தது” என்று யாராவது எழுதினால் நான் மறுப்பேன். தோராச் சுருள்களை மடியில் கட்டாத குறையாகக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஊரில் நின்றுபோனது கட்டடம்தான்.

இன்னொரு செய்தி: பரவூர்ப் பள்ளியின் பழைய பேழை எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உட்புறத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுவியிருக்கிறார்கள், அதில் இந்தப் பேழையைப் பொருத்தினார்கள். பரவூரில் வைகைக்கரை பார்த்தது பிறகு செய்து வைத்த மாதிரி.

வைகைக்கரை எழுதியது:

அப்படியா! அந்தச் செதுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பாலைநிலவாசி, சபை போன இடத்தில் வாழ்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் ஊர் என்ற ஒன்றும் இருக்கிறதல்லவா? பரவூர் சபையைப் பரவூர் சபையாக ஆக்கிய ஆறும் சந்தையும் தெருவும் நெவாத்திமில் இல்லையே.

தென்மாநிலத்தான் எழுதியது:

அமெரிக்காவின் அலபாமாவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். இதே கதை இங்கே வேறு வேகத்தில் நடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தெற்கு மாநிலங்களின் சிற்றூர்களில் ஒரு காலத்தில் கடைத்தெருத் துணிக்கடைகள் பல யூதர்களுடையவை. அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்து அட்லாண்டா, ஹூஸ்டன் என்று போய்விட்டார்கள். பெரிய அங்காடிகள் வந்து கடைகளும் மூடின. மிசிசிப்பியின் நாட்செஸ், இங்கே செல்மா ஆகிய ஊர்களில் நூறு ஆண்டு கடந்த அழகான ஆலயங்கள் ஒரு கைப்பிடி உறுப்பினர்களோடு நிற்கின்றன. தனி ரப்பி வைக்க வசதி இல்லாததால் பயிற்சி மாணவர்கள் மாதத்தில் ஓரிரு முறை வந்து நடத்திக் கொடுக்கும் பழக்கம் உண்டு. ஊர் ஊராகச் சுற்றும் ரப்பியையும் அனுப்பி இத்தகைய சபைகளுக்கு உதவும் ஒரு நிறுவனம் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

டோத்தன் என்ற ஊர்ச் சபை 2008இல் செய்தது உலகச் செய்தியானது. வெளியூர் யூதக் குடும்பங்கள் குடிபெயர்ந்து வந்து, சபையில் சேர்ந்து, குறைந்தது ஐந்தாண்டு தங்கினால் 50,000 டாலர் வரை உதவி என்று விளம்பரம் கொடுத்தார்கள். சில குடும்பங்கள் வரவும் செய்தன.

இங்குள்ள சீர்திருத்த சபைகள் பல பத்து என்ற எண்ணில் பிடிவாதமாக இல்லை, பெண்களையும் சேர்த்தே எண்ணுகின்றன. அதனால் ஐந்து பேர், மூன்று பேர் என்று ஆகும் வரை மெல்லத் தேய்கின்றன. பரவூரும் மாளாவும் அப்படித் தேயவில்லை, முழுதாகப் பெயர்ந்து சென்றன. எது மேல் என்று கேட்டால், ஒன்றாகப் போனதே மேல் என்பேன். கடைசி ஆளாக ஆலயத்தின் சாவியை வைத்துக்கொண்டு இருப்பவர்களை இங்கே பார்க்கிறேன். கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது, தான் போனபின் கல்லறைப் புல்லை யார் வெட்டுவது என்பதே அவர்களுடைய பேச்சு.

பழங்காகிதம் எழுதியது:

கொச்சியிலும் அந்தக் “கடைசி ஆள்” நிலை வந்தது. மட்டாஞ்சேரிப் பள்ளியில் பின்னாள்களில் உள்ளூர் ஆண்கள் பத்துப் பேர் தேறாமல், வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து சேர்ந்தால்தான் முழுத்தொழுகை என்று ஆனது. எர்ணாகுளம் கடவும்பாகத்தில் 1972இல் வழிபாடு நின்றது. அதைப் பாதுகாத்தவர், முன்பகுதியில் வண்ணமீன்களும் செடிகளும் விற்றுக்கொண்டே உள்ளே பள்ளியைக் காத்தார். ஒட்டடை அடித்து, கூரையைப் பார்த்து, பல பத்தாண்டுகள். மரியாதைக்குரிய செயல்.

கல்லறைப் புல் என்றவுடன் மாளா நினைவுக்கு வருகிறது. 1955இல் கிளம்புமுன் மாளா யூதர்கள் பள்ளியையும் கல்லறை நிலத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதுகாக்க வேண்டும், கல்லறையைக் கலைக்கக் கூடாது என்பதே நிபந்தனை. பிற்காலத்தில் அந்த நிலத்தில் விளையாட்டு மைதானம் அமைக்கும் திட்டம் வந்தது. ஊரிலேயே சிலர் எதிர்த்து நின்றார்கள், வழக்கும் நடந்தது. இன்று நிற்கும் கல்லறைகள் மிகச் சில.

நெய்தல்மகன் எழுதியது:

உயிரோடு இருக்கும் பிள்ளைகள் விளையாட இடம் வேண்டாமா என்று பஞ்சாயத்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் சண்டைக்காகக் கேட்கவில்லை. சிற்றூரில் நிலம் என்பது பெரிய செய்தி.

தேங்காய்ப்பால் எழுதியது:

பிள்ளைகளுக்கு வேறு நிலம் தேட வேண்டும் என்பேன். யூத விதிப்படி கல்லறை என்றென்றைக்கும் இறந்தவருக்கு உரியது, தோண்டி மாற்றக் கூடாது. அதை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்த நிலத்தை அண்டை வீட்டாரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பல நூற்றாண்டு நல்லுறவு என்று நாம் இந்த இழை முழுக்கப் பெருமையாக எழுதினோம். அந்த உறவுக்குக் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் இதுதான். இதைக் காப்பாற்றாவிட்டால் பள்ளிக்கு வெள்ளையடித்து வைப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

வைகைக்கரை எழுதியது:

நான் தேங்காய்ப்பாலின் பக்கம். அடுத்து மாளாவுக்குத்தான் போகப்போகிறேன். அந்த 1955ஆம் ஆண்டுப் பத்திரத்தின் வாசகத்தை முழுமையாகப் படித்தவர் யாராவது இருக்கிறார்களா? என்னென்ன நிபந்தனைகள் எழுதப்பட்டன என்று தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

பாலக்காட்டுவழி எழுதியது:

நான் படித்ததில்லை. யாரிடமாவது நகல் இருந்தால் மலையாளத்தில் இருந்தாலும் சரி, இங்கே ஏற்றுங்கள். வரிக்கு வரி தமிழில் தருகிறேன். வைகைக்கரை, மாளாவுக்குப் போனால் பள்ளியோடு நிறுத்தாமல் கல்லறை நிலத்துக்கும் நடந்து போங்கள். எல்லை எதுவரை, சுவர் எங்கே, எந்தப் பக்கம் கட்டடம் என்று படமெடுத்து இந்த இழையிலேயே போடுங்கள்.